151-ஆவது கிலோமீட்டர்: எவர் கிவன் சூயஸ் கால்வாயில் சிக்கிய ஆறு நாட்கள்

2021 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்தே சூயஸ் பக்கம் காற்று சரியில்லை. தெற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு அடித்தது. வீச்சு 40 நாட் வரை போனது. நம் கணக்கில் மணிக்கு 74 கிலோமீட்டர். அந்தக் காற்றில்தான் வடக்கே போகும் அன்றைய கப்பல் வரிசை செங்கடல் பக்கமிருந்து கால்வாய்க்குள் நுழைந்தது. ஐந்தாவதாக எவர் கிவன், அதற்குப் பின்னால் இன்னும் 15 கப்பல்கள்.

காலை 7:40 மணி அளவில் எவர் கிவனின் முன்பக்கம் வலது கை பக்கம், அதாவது சினாய் கரைக்குள், போய்க் குத்தி நின்றது. பின்பக்கம் சுழன்று எதிர்க்கரை ஓரம் ஒதுங்கியது. கால்வாயின் வடக்கு முனையான போர்ட் சயீதிலிருந்து எண்ணினால் அது 151-ஆவது கிலோமீட்டர். கரையில் மன்ஷியத் ருகூலா என்ற சின்னக் கிராமம். அந்த ஊர்க்காரர்கள் கண் விழித்துப் பார்த்தபோது வீடுகளுக்குப் பின்னால் ஒரு மலை முளைத்திருந்தது.

பின்னால் வந்த மார்ஸ்க் டென்வர் கப்பலிலிருந்து எடுத்த படம் ஒன்று அன்றே உலகம் முழுக்கப் பரவியது. தண்ணீர்ச் சாலையின் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினாற்போல் கப்பல் நிற்கிறது. அடுத்த ஆறு நாள் ஏழு மணி நேரம் அந்தச் சுவர் அசையவில்லை.

கப்பலை ஓட்டத் தெரியாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்ற பேச்சு இன்றைக்கும் அங்கங்கே கேட்கிறது. பதிவுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் அப்படி முடித்துவிட முடியாது என்பதுதான் என் கருத்து. கப்பலின் அளவு, கால்வாயின் அகலம், அன்றைய காற்றில் உள்ளே விடலாமா என்ற முடிவு, இவை மூன்றும் சக்கரத்தைப் பிடித்து நின்றவருக்கு வெகு தூரத்தில், வெகு காலத்துக்கு முன்பே தீர்மானமானவை. பழி மட்டும் நேராக, கப்பலை ஓட்டுகிற மேல்தளத்துக்கு வந்தது.

நான்கு ஏக்கர் பாய்

எவர் கிவன் 2018-இல் ஜப்பானின் இமாபரி நிறுவனம் கட்டிய கப்பல். நீளம் 399.94 மீட்டர். அகலம் 58.8 மீட்டர். 20 அடி கண்டெய்னராகக் கணக்கிட்டால் 20,124 பெட்டிகள் ஏற்றலாம். அன்று சுமார் 18,300 கண்டெய்னர்களோடு, மலேசியாவின் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கப்பல் யாருடையது என்ற கேள்விக்கே பதில் சொல்ல நேரம் ஆகும். சொந்தக்காரர் ஜப்பானின் ஷோய் கிசென் கைஷா. வாடகைக்கு எடுத்து ஓட்டுவது தைவானின் எவர்கிரீன்; பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருப்பது அந்தப் பெயர்தான், பலர் அதையே கப்பலின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். கொடி பனாமாவுடையது. ஆட்களையும் பராமரிப்பையும் பார்த்துக்கொண்டது ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஷுல்ட்டே நிறுவனம். கப்பலில் வேலை பார்த்த 25 பேரும் இந்தியர்கள். தமிழர்களும் அதில் உண்டு.

இப்படியொரு அளவு எதற்கு? ஒரு பெட்டிக்கு ஆகும் எரிபொருள் செலவும் கூலியும் கப்பல் பெரிதாகப் பெரிதாகக் குறைகிறது. 2006-இல் எம்மா மார்ஸ்க் என்ற கப்பல் வந்தபோது சுமார் 15,000 பெட்டி என்று உலகமே வாய் பிளந்தது. 2013-இல் அது 18,000. ஐந்தே வருடத்தில் 20,000. துறைமுகங்கள் கிரேன்களை உயர்த்தின, படுகைகளை ஆழப்படுத்தின. எகிப்தும் 2015-இல் 35 கிலோமீட்டருக்கு ஒரு புதிய இணைத்தடம் வெட்டியது; இன்னொரு 37 கிலோமீட்டரை ஆழப்படுத்தி அகலப்படுத்தியது. ஆனால் அந்த வேலை கால்வாயின் நடுப்பகுதியில் நடந்தது. தெற்குக் கோடி பழைய ஒற்றைத் தடமாகவே விடப்பட்டது. 151-ஆவது கிலோமீட்டர் அங்கேதான் இருக்கிறது.

அந்த இடத்தில் கால்வாயின் அகலம் கப்பலின் நீளத்தைவிடக் குறைவு. மேலே தெரிகிற தண்ணீர் அகலம் முழுவதும் பயன்படாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால்வாயின் குறுக்குவெட்டு ஒரு வாணலி மாதிரி, கரையோரம் சரிந்து இறங்கும். பெரிய கப்பலுக்கு வேண்டிய ஆழம் நடுவில் மட்டும்தான். அதிகாரபூர்வ ஆழம் 24 மீட்டர்.

இப்போது காற்று. அடுக்கி வைத்த கண்டெய்னர்களோடு சேர்த்து, நீருக்கு மேலே தெரியும் கப்பலின் ஒரு பக்கப் பரப்பைப் பெருக்கிப் பார்த்தேன். தோராயமாக நான்கு ஏக்கர் வருகிறது. நான்கு ஏக்கர் நிலத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்து, அதன்மேல் 40 நாட் காற்று அடித்தால் எப்படி இருக்கும்? முழுவதும் பக்கவாட்டில் விழுந்தால் 400 டன் எடைக்குச் சமமான தள்ளுவிசை. காற்று சாய்வாக வந்தால் குறையும், கப்பல் கொஞ்சம் திரும்பினால் கூடும். வேண்டாத நேரத்தில் விரித்த பாய் அது, அதைச் சுருட்டி வைக்க வழியில்லை.

வேகத்தைக் கூட்டுவதா, குறைப்பதா

கரையில் நிற்பவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. காற்று அடிக்கிறது, இடம் குறுகல், மெதுவாகப் போ. மேல்தளத்தில் நிற்பவருக்கு அது அவ்வளவு எளிதில்லை.

கப்பல் திரும்ப வேண்டுமானால் சுக்கான்மேல் தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். வேகம் குறைந்தால் சுக்கான் பேச்சைக் கேட்காது; காற்று சொன்னபடி கப்பல் சாயும். ஆகவே காற்று மிஞ்சும்போது கொஞ்சம் வேகம் கூட்டிப் பிடிமானம் தேடுவது கடலோடிகள் வழக்கம். திறந்த கடலில் அது பலன் தரும்.

கால்வாயில் அதே வேகம் வேறு வேலை செய்கிறது. முன்னால் போகிற கப்பல் தள்ளும் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். பக்கத்தில் கரை, அடியில் தரை. நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் பீறிட்டுப் பின்னால் ஓடுகிறது. தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். அதனால் இரண்டு காரியம் நடக்கிறது. கப்பல் இருக்கிற ஆழத்தைவிட இன்னும் கீழே அமிழ்கிறது. ஒரு கரைக்குக் கொஞ்சம் நெருங்கிவிட்டால், பின்பக்கத்தை அந்தக் கரை தன் பக்கம் இழுக்கிறது. முன்பக்கம் எதிர்க்கரை பார்த்து விலகுகிறது. நெடுஞ்சாலையில் பெரிய லாரி உங்கள் பைக்கை ஒட்டிக் கடக்கும்போது உள்ளே இழுக்கிற உணர்வு வரும் இல்லையா, அந்த வகைதான். இங்கே இழுபடுவது இரண்டு லட்சம் டன்.

வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். இங்கேதான் பொறி. காற்றுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டினால் கரை இழுக்கும். கரைக்குப் பயந்து குறைத்தால் காற்று தள்ளும். இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். கப்பல் பெரிதாக ஆக அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட காற்றில் மறைந்தே போய்விடுகிறது.

அன்று கப்பலின் தடப்பதிவு இதைத்தான் காட்டுகிறது. அந்தப் பகுதியில் அனுமதித்த வேகம் சுமார் 7.6 முதல் 8.6 நாட். கரையில் முட்டுவதற்குச் சற்று முன்பு எவர் கிவன் 13.5 நாட் வேகத்தில் போனது, மணிக்கு 25 கிலோமீட்டர். அதற்கு முன் கப்பல் இடமும் வலமுமாக அலைந்திருக்கிறது. ஒரு பக்கம் போனதைத் திருத்தச் சுக்கான் திருப்பி, அது கூடிப்போய் மறுபக்கம் போக, அதைத் திருத்தி, மறுபடியும் கூடிப்போய், கடைசியில் வலது பக்கம் போன முன்பக்கம் திரும்பவே இல்லை. கப்பலுக்கு பிரேக் கிடையாது. இஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாலும் இந்த எடை நிற்க ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேண்டும்.

யார் சொன்னார், யார் கேட்டார்

சூயஸ் கால்வாய்க்குள் எந்தப் பெரிய கப்பலும் தானாக ஓட்டிக்கொண்டு போக முடியாது. கால்வாய் ஆணையத்தின் பைலட்டுகள் ஏறுவார்கள். கப்பல் ஓட்டுகிற பைலட்டை நம் துறைமுகங்களிலும் இதே பெயரில்தான் அழைக்கிறார்கள். உள்ளூர்த் தண்ணீரை உள்ளங்கை போல அறிந்தவர், வழி சொல்பவர். அன்று எவர் கிவனில் இரண்டு பைலட்டுகள் இருந்தார்கள். எத்தனை டிகிரி திருப்பு, எவ்வளவு வேகம் என்று கட்டளை கொடுத்தது அவர்கள். ஆனால் சூயஸ் விதிப்படி அவர்கள் சொல்வது ஆலோசனை மட்டுமே. என்ன நடந்தாலும் பொறுப்பு கேப்டனுடையது.

பனாமா கால்வாயில் இது வேறு மாதிரி. அங்கே பைலட் கையில் கப்பலின் கட்டுப்பாடே போகிறது, விபத்து நடந்தால் கால்வாய் ஆணையமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சூயஸில் கேப்டன் பைலட்டை ஒதுக்கிவிட்டுத் தானே ஓட்டலாமா என்றால், ஏட்டளவில் ஓட்டலாம். வாழ்க்கையில் எப்போதாவது இந்தப் பக்கம் வருகிற ஒருவர், நாள்தோறும் இதே தண்ணீரில் வேலை பார்க்கிற இருவரை மீறி, முப்பது வினாடிக்குள் அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

பின்னால் எகிப்தின் இஸ்மாயிலியா நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, கப்பல் சொந்தக்காரரின் வழக்கறிஞர்கள் மேல்தள ஒலிப்பதிவைக் காட்டினார்கள். அந்த வானிலையில் இந்தக் கப்பலை உள்ளே விடலாமா கூடாதா என்று பைலட்டுகளுக்கும் கால்வாய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது அதில் தெரிகிறது, இழுவைப் படகு துணைக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எவர் கிவனோடு அன்று இழுவைப் படகு எதுவும் வரவில்லை. கால்வாய் ஆணையத்தின் தலைவர் ஒசாமா ராபி தம் தரப்பில் தவறே இல்லை என்றார். வேகத்துக்கும் சுக்கானுக்கும் கேப்டனே பொறுப்பு என்பது அவர் நிலை. ஆனால் சம்பவம் நடந்த வாரத்தில் அவரே, காற்று முக்கியக் காரணம் இல்லை, இயந்திரக் கோளாறோ மனிதத் தவறோ இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்.

கொடி நாடு என்ற முறையில் பனாமா நடத்திய விசாரணையின் அறிக்கை 2023-இல் வந்தது. மோசமான வானிலை, பைலட்டுகள் கொடுத்த சுக்கான் கட்டளைகள், கப்பல் கட்டுப்பாட்டை இழந்த விதம் எல்லாம் அதில் பேசப்படுகின்றன. அதில் என்னை நிறுத்திய ஒரு விஷயம் உண்டு. பைலட்டுகள் தங்களுக்குள் அரபியில் பேசிக்கொண்டார்கள், கப்பலின் ஆட்களுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. நினைத்துப் பாருங்கள். கப்பல் உங்கள் பொறுப்பு. அதை எப்படி ஓட்டுவது என்ற விவாதம் உங்கள் பக்கத்திலேயே, உங்களுக்குத் தெரியாத மொழியில் நடக்கிறது.

பொய்ச் செய்தி இதற்குள் வேறு ஒருவரைத் தேடிப் பிடித்தது. எகிப்தின் முதல் பெண் கப்பல் கேப்டன்தான் காரணம் என்று ஒரு போலித் தலைப்பைச் செய்து பரப்பினார்கள். அன்று அவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி அலெக்சாந்திரியாவில், வேறொரு கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அந்தத் துறையில் எத்தனை வருடம் போராடி முன்னுக்கு வந்திருப்பார்! ஒரே நாளில் அவர் பெயரைக் கெடுக்கப் பார்த்தார்கள். இன்றும் அதை நம்புகிறவர்களைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

கரையில் ஒரு சின்ன வண்டி

கப்பலின் முன்பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள். எவர் கிவனின் அணியத்துக்குக் கீழே, நீருக்குள் ஒரு பெரிய குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கடலில் அலையைப் பிளந்து எரிபொருள் மிச்சம் பிடிக்கிற அமைப்பு. அந்தக் குமிழ் கரையின் கல்லுக்கும் மண்ணுக்கும் உள்ளே ஆழமாகப் புகுந்திருந்தது. முதல் நாள் இழுவைப் படகுகள் இழுத்துப் பார்த்தன, அசையவில்லை.

அப்போது கரையில் கையில் கிடைத்த ஒரே ஒரு மண் அள்ளும் வண்டி வந்து சேர்ந்தது. அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம்: தலைக்கு மேலே மலைபோல் அணியம், அதன் காலடியில் மஞ்சள் நிறத்தில் தீப்பெட்டி அளவு வண்டி. உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே உட்கார்ந்திருந்த மனிதர் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னது வேறு. கப்பல் சற்றே சாய்ந்தால் தன்மேல்தான் விழும் என்ற பயம் அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் இருந்தது. குமிழைச் சுற்றியிருந்த பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்க வேண்டும், கப்பலிலும் இடித்துவிடக் கூடாது. நாளுக்கு மூன்று மணி நேரம் தூங்கி, மீதி நேரம் முழுக்க வண்டியில் இருந்தார். கிண்டல்கள் அவர் காதுக்கும் வந்தன. சிரிக்கிறவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று வைராக்கியமே வந்தது என்றார். பேட்டி கொடுத்த நாள்வரை அந்தக் கூடுதல் நேரத்துக்கான கூலி அவருக்கு வந்து சேரவில்லை.

அப்புறம் மஷ்ஹூர் வந்தது. கால்வாய் ஆணையத்தின் தூர்வாரும் கப்பல், மணிக்கு 2,000 கன மீட்டர் மண்ணை உறிஞ்சக்கூடியது. குமிழைச் சுற்றி 18 மீட்டர் ஆழம் வரை தோண்டி, மொத்தம் சுமார் 30,000 கன மீட்டர் மணலை அகற்றினார்கள். நெதர்லாந்தின் ஸ்மிட் சால்வேஜ், ஜப்பானின் நிப்பான் சால்வேஜ் நிறுவனங்களின் கப்பல் மீட்பு வல்லுநர்கள் வியாழக்கிழமை வாக்கில் வந்து சேர்ந்தார்கள். ஸ்மிட்டின் தாய் நிறுவனமான போஸ்காலிஸின் தலைவர் பீட்டர் பெர்டோவ்ஸ்கி, கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தோடு இதை ஒப்பிட்டார், வாரக்கணக்கில்கூட ஆகலாம் என்றும் எச்சரித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பின்பக்க மண் தளர்ந்து சுக்கானும் புரொப்பல்லரும் அசையத் தொடங்கின. எடையைக் குறைக்க, கப்பலை நிலையாக வைக்க உள்ளே நிரப்பியிருந்த சமநிலை நீரில் 9,000 டன்னை வெளியே பம்ப் செய்தார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் கண்டெய்னர்களை இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எகிப்து அதிபர் அல்-சிசி அதற்கும் தயாராகச் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். நீர்மட்டத்திலிருந்து அத்தனை உயரத்துக்கு எட்டுகிற மிதவைக் கிரேன் பக்கத்தில் எங்குமே இல்லை. சமமில்லாமல் இறக்கினால் நடுவில் தொங்குகிற கப்பலின் உடல் முறியவும் கூடும்; அணியம் ஒரு கரையில், பின்பக்கம் மறு கரையில், நடுப்பகுதிக்கு அடியில் தண்ணீர் மட்டும்.

கடைசியில் கை கொடுத்தது நிலா. மார்ச் 28 பௌர்ணமி. நிலாவும் பூமிக்கு அருகில் வருகிற சமயம். சூயஸ் பக்கம் செங்கடலின் ஏற்ற வற்றம் கால்வாயின் தெற்குப் பகுதிக்குள்ளும் நுழையும். வடக்கே மத்தியதரைக் கடல் பக்கம் மாட்டியிருந்தால் இந்த உதவி அநேகமாகக் கிடைத்திருக்காது. பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தைக் குறிவைத்தே எல்லா வேலையும் நடந்தது. ஏற்றத்தில் தூக்கு, வற்றத்தில் ஓடும் நீரோட்டத்தையும் சேர்த்து இழு என்பதுதான் திட்டம். 285 டன் இழுவிசை கொண்ட ஏஎல்பி கார்டு என்ற டச்சு இழுவைக் கப்பலும், கார்லோ மாக்னோ என்ற இத்தாலியக் கப்பலும் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தன. எகிப்தின் பரக்கா 1, இஸ்ஸத் அதேல் ஏற்கனவே அங்கே இருந்தன.

29-ஆம் தேதி திங்கள் அதிகாலையில் பின்பக்கம் நகர்ந்தது. கரையிலிருந்து வெறும் 4 மீட்டர் தள்ளி இருந்தது 102 மீட்டருக்கு விலகியது. பிற்பகல் 3:05 மணிக்கு அணியமும் மண்ணை விட்டது. இழுவைப் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சங்கு ஊதின. அந்தக் காணொளியை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்கிறது. மீட்பு வேலையில் ஒரு படகு மூழ்கி ஆணையத்தின் ஊழியர் ஒருவர் இறந்துபோனதை ராபி பிறகு மே மாதம்தான் சொன்னார். அன்றைய கொண்டாட்டத்தில் அந்த மனிதரைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.

வெளியே காத்திருந்தவை

அப்போது உலக வணிகத்தில் சுமார் 12 சதவீதம் இந்த 193 கிலோமீட்டர் வழியாகப் போனது. 2020-இல் மட்டும் 18,829 கப்பல்கள்; ஒரு நாளைக்கு ஐம்பதுக்கும் மேல். அடைத்து நின்ற ஒவ்வொரு நாளும் 960 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு தேங்கியது என்று கப்பல் துறைச் செய்தி இதழான லாய்ட்ஸ் லிஸ்ட் கணக்குச் சொன்னது. இரு முனையிலும் நடு ஏரியிலும் ஒரு கட்டத்தில் 369 கப்பல்கள் காத்திருந்தன. உயிருள்ள ஆடு மாடுகளை ஏற்றிய கப்பல்கள் மட்டும் சுமார் இருபது, தீவனம் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் நின்றன. சிரியாவில் எரிபொருளை அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். திருப்பூர் பின்னலாடைகள் தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, ஐரோப்பா போனதும் அப்போது இதே வழிதான்; கோடைக்கால ஆர்டரை அனுப்பிவிட்டு, பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. சில கப்பல்கள் காத்திராமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின, கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் கூடுதல். தேங்கியது முழுவதும் கரைய ஏப்ரல் 3 ஆகிவிட்டது.

இந்தக் கால்வாய் இதைவிட நீண்ட காலம் மூடிக் கிடந்ததும் உண்டு. 1967 ஜூனில் அரபு இஸ்ரேல் போர் வெடித்தபோது வழியில் இருந்த 14 கப்பல்கள் கால்வாயின் நடுவே வரும் கிரேட் பிட்டர் ஏரியில் அகப்பட்டுக்கொண்டன. எட்டு வருடம் அங்கேயே நின்று, பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிப் போனதால் மஞ்சள் கப்பற்படை என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. அந்த எட்டு வருடத்தில் எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே போக வேண்டியிருந்தது. அத்தனை தூரத்துக்குக் கட்டுப்படியாகத்தான் பூதாகாரமான டேங்கர்களைக் கட்டத் தொடங்கினார்கள். பெரிய கப்பல் மோகத்துக்கு இந்தக் கால்வாயின் மூடலே ஒரு காரணம் என்பதை இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது மறக்க முடியவில்லை.

ஏரியில் நூறு நாள்

விடுபட்ட எவர் கிவன் ராட்டர்டாம் போகவில்லை. அதே கிரேட் பிட்டர் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். கால்வாய் ஆணையம் 91.6 கோடி டாலர் கேட்டது. கப்பலின் காப்பீட்டுச் சங்கமான யூகே கிளப் சொன்னபடி, அதில் மீட்பு ஊக்கத்தொகை என்று 30 கோடி, பெயர் கெட்டதற்கு என்று இன்னொரு 30 கோடி. நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவிட்டது. பேரம் நடந்து நடந்து கேட்ட தொகை 55 கோடிக்கு இறங்கியது. கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது என்று இரு தரப்பும் வெளியிடவில்லை. 75 டன் இழுவிசை கொண்ட ஓர் இழுவைப் படகும் கிடைக்கும் என்று மட்டும் ராபி சொன்னார்.

சரக்குக்காரர்கள் இதற்குள் இன்னொரு விதியைச் சந்தித்தார்கள். ஜெனரல் ஆவரேஜ் என்று பெயர். ரோட்ஸ் தீவின் பழைய கடல் வழக்கத்திலிருந்து வந்தது: புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவரின் மூட்டையைக் கடலில் தூக்கி எறிந்தால், அந்த நட்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் கப்பல் சொந்தக்காரர் அதை அறிவித்தார். மீட்புச் செலவில் ஒவ்வொரு பெட்டிக்காரரும் பங்கு தர வேண்டும், உத்தரவாதம் கொடுக்காமல் பெட்டி கைக்கு வராது. ஐக்கியா போன்ற பெரிய நிறுவனத்துக்கு அதில் சுமார் 110 பெட்டி; காப்பீடு இருக்கும், வக்கீல் இருப்பார். ஒரே ஒரு பெட்டியில் முதலீடு முழுவதையும் போட்ட சிறு வியாபாரிக்கு, காப்பீடும் எடுக்காமல் விட்டிருந்தால், பணமாகவே முன்பணம் கட்ட வேண்டும். பொதுவான ஆபத்தைப் பொதுவாகச் சுமப்பது நியாயமான ஏற்பாடுதான், மூட்டை எறிகிற காலத்தில் அது பொருந்தியது. 18,300 பெட்டிகள் இருக்கிற கப்பலில், கப்பலின் அளவைத் தீர்மானிக்கிற இடத்தில் கொஞ்சமும் இல்லாத ஒருவரிடம் அதே விதியைக் காட்டுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாலுமிகளுக்கு வருவோம். ஒப்பந்தம் முடிந்த சிலரையும் வீட்டில் அவசரம் என்றவர்களையும் நடுவில் அனுப்பினார்கள். மற்றவர்கள் கரை கண்ணுக்குத் தெரிய, ஏரி நடுவே, வழக்கு முடியக் காத்திருந்தார்கள். தொழிற்சங்கங்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதே சூயஸ் கரையோரம், அமான் என்ற சின்னச் சரக்குக் கப்பலில் சிரியா நாட்டு மாலுமி ஒருவர் 2017-லிருந்து சிக்கிக் கிடந்தார். கப்பலைப் பிடித்து வைத்த நீதிமன்றம் அவரைச் சட்டப்படி காவலராகக் குறித்துவிட்டது; மற்றவர்கள் போன பிறகு தனியாகவே இருந்தார், சாப்பாடு வாங்கவும் போனுக்கு சார்ஜ் போடவும் கரைக்கு நீந்திப் போய் வந்தார். உலகத்தின் கேமராக்கள் எல்லாம் சில மைல் தூரத்தில் எவர் கிவனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வசந்தத்தில், ஏப்ரல் மாதம்தான், அவருக்கு விடுதலை கிடைத்தது.

எவர் கிவன் ஜூலை 7-ஆம் தேதி, இஸ்மாயிலியாவில் ஒரு விழா நடத்தி அனுப்பி வைக்கப்பட்டது. கரையில் முட்டி 106 நாள் ஆகியிருந்தது. ராட்டர்டாமுக்கு ஜூலை 29 போய்ச் சேர்ந்தது.

அதற்குள் மே மாதமே தெற்குப் பகுதியில் தூர்வாரும் வேலை தொடங்கியிருந்தது. 132-ஆவது கிலோமீட்டரிலிருந்து 162 வரை கிழக்குக் கரையை 40 மீட்டர் தள்ளி வெட்டி, ஆழத்தையும் கூட்டுவது திட்டம். அதற்கு வடக்கே இரட்டைத் தடத்தை இன்னும் 10 கிலோமீட்டர் நீட்டுவது. முட்டிய இடம் இந்த அளவுக்குள் வருகிறது. இந்த வேலையை 2015-லேயே தெற்கிலும் சேர்த்துச் செய்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. 400 மீட்டர்க் கப்பல்கள் அப்போதே இந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பெரிய கப்பல்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிற கையால், காற்று இந்த அளவைத் தாண்டினால் இந்த அளவுக் கப்பலுக்கு இழுவைப் படகு கட்டாயம் என்று ஒரு எண்ணையும் எழுதி வைக்க வேண்டும்; நீதிமன்றத்தில் பேசப்பட்டதெல்லாம் அந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான்.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி எவர் கிவன் மறுபடியும் சூயஸ் வந்தது, இந்தத் தடவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து. போர்ட் சயீதில் நுழைந்து, மூன்று மாதம் நின்ற ஏரியைக் கடந்து, 151-ஆவது கிலோமீட்டர் தாண்டி, செங்கடலுக்குள் இறங்கிச் சீனா பக்கம் போனது.